தேதி தவறிய நினைவு நாள்

நம் பழைய வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் தினமும் விடிந்ததும் முதலில் வந்து விழுவது ‘இன்று’ என்ற அந்தச் செய்திதான். யார் மறைந்த நாள், எந்த ஊரில் எந்தப் போர் முடிந்த நாள் என்று ஒரு விளக்குப் படத்தோடு நம்மில் ஒருத்தி அனுப்புகிறாள். மற்றவர்கள் கைகூப்பும் படத்தைப் போடுகிறீர்கள். நானும் முகப்பேர் ஃபிளாட்டின் பால்கனியில் காப்பியோடு உட்கார்ந்து ஒன்றைப் போட்டுவிடுகிறேன். ஆனால் ஒவ்வொரு முறையும் எனக்கு உள்ளே கூச்சமாக இருக்கிறது. ஆறாம் வகுப்பில் ஒரு மழைக்காலத்தில் உங்களையெல்லாம் இல்லாத ராஜாக்களுக்காக எழுந்து நிற்க வைத்தவள் நான்தானே.

உங்களில் சிலருக்கு அது அரைகுறையாக நினைவிருக்கும். முழுவதும் தெரிந்தவர்களில் இன்று மிச்சம் இருப்பது நான் ஒருத்திதான். முட்டிவலியைப் பற்றி எத்தனை நாள்தான் எழுதிக்கொண்டிருப்பது? இதை எழுதிவிடுகிறேன்.

ஆவடியில் நம் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பக்கத்திலிருந்து பிள்ளைகள் வருவோம். தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸிலிருந்து வந்த நாம் திருநெல்வேலி, சேலம், தஞ்சாவூர் என்று அவரவர் அப்பா அம்மாவின் ஊர்ப் பேச்சைப் பேசினோம். ஏரிக்கு அந்தப் பக்கத்துப் பழைய ஊரிலிருந்து வந்தவர்கள் மெட்ராஸ் பேச்சு பேசினார்கள். ஒரே மாதத்தில் எல்லாரும் அவர்கள் பேச்சைப் பேசக் கற்றுக்கொண்டு வீட்டில் அடி வாங்கினோம்.

காலைப் பிரேயர் நினைவிருக்கிறதா? ஈர மணல், காயாத சீருடையின் வாடை, தலை தலையாய்த் தேங்காயெண்ணெய் மணம். புங்கமரத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் முதலில் ஒரு முறை கீச்சிட்டுவிட்டுத்தான் பேசத் தொடங்கும். வாழ்த்துப் பாட்டு, செய்தி, அதன் பிறகு ‘இன்று’.

அந்த ‘இன்று’ வரலாற்று டீச்சரின் ஏற்பாடு. பூந்தமல்லியிலிருந்து பஸ்ஸில் வருவாரே, எப்போதும் கஞ்சி போட்ட கைத்தறிப் புடவை, தோளில் ஒரு கறுப்புப் பை, அவர்தான். அவரிடம் தடிமனான ஒரு நோட்டு இருந்தது. வருடத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பக்கம். பதினொரு வருடமாகப் படித்த புத்தகங்களிலிருந்தெல்லாம் பொறுக்கி, பச்சை மையில், பொடிப்பொடியாக எழுதி வைத்திருந்தார். தலைவர்களும் ராஜாக்களும் மட்டும் இல்லை. அம்மைக்கு ஊசி கண்டுபிடித்தவர், புயலில் அழிந்த துறைமுகம், முதல் ரயில் என்று எல்லாம் அதில் உண்டு. மறைந்த நாளாக இருந்தால் பள்ளிக்கூடமே ஒரு நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும். வாட்ச்மேன் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்று, நிமிடம் முடிந்ததும் தண்டவாளத் துண்டில் ஒரு தட்டு தட்டுவார். அதுவரை மூக்கைச் சொறிந்தால்கூட டீச்சருக்குத் தெரிந்துவிடும்.

அந்த வருடம் மழை தொடங்கியதும் டீச்சருக்கு அம்மை போட்டுவிட்டது. ஒரு மாதத்துக்கு வர முடியாது. எனக்குக் குரல் கணீரென்று இருக்கும் என்பதால் நோட்டை என்னிடம் கொடுக்கும்படி சொல்லி அனுப்பியிருந்தார். வாட்ச்மேன் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு அதை என் கையில் கொடுத்தபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. குவார்ட்டர்ஸில் எல்லார் வீட்டுக்கும் போய்க் காட்டினேன். காட்டுவதற்கு வசதியாக உறையை எடுத்துவிட்டேன். அங்கேதான் கெட்டது.

மூன்றாம் நாள் சாயங்காலம் கொட்டுகிற மழையில், குவார்ட்டர்ஸுக்குத் திரும்பும் முனைக் கால்வாயில் வழுக்கி விழுந்தேன். பையைத் திறந்து பார்த்தபோது சாப்பாட்டு டப்பாவைச் சுற்றிப் பச்சைத் தண்ணீர் நின்றது. நோட்டை எடுத்துப் புரட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் இளம்பச்சைத் திட்டு. ஒரு எழுத்து இல்லை. பதினொரு வருடம் என் டப்பாவைச் சுற்றித் தண்ணீராய் நின்றது.

அம்மாவுக்குத் தெரியாமல் அரிசி டின்னின் மேல் வைத்துக் காயவைத்தேன். மறுநாள் பிரேயரில் என் முறை வந்ததும், போன வருடம் டீச்சர் படித்துக் கேட்டிருந்த ஒன்றை ஒப்பித்தேன். அதற்கு மறுநாள் ஒப்பிக்க ஒன்றும் இல்லை.

மேடையில் ஏறும்போது உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் இருந்தேன். ஏறியதும் அறுநூறு முகம். வாயைத் திறந்தேன். “இன்று, ஒரு தீவை ஆண்ட அரசி யானையின் மேலிருந்து விழுந்து மறைந்த நாள்” என்று வந்தது. எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு நின்றீர்கள். வாட்ச்மேன் கடிகாரத்தைப் பார்த்தார். தண்டவாளத்தில் டங்கென்று ஒரு தட்டு. அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை.

பிறகு சுலபமாகிவிட்டது. அப்பா வேலை செய்யும் இடத்திலிருந்து ஒரு பழைய மெஷின் விலைப்பட்டியல் வீட்டுக்கு வந்திருந்தது. அதில் இருந்த வெளிநாட்டுப் பெயர்களையெல்லாம் எடுத்து மாலுமிகளாகவும் விஞ்ஞானிகளாகவும் ஆக்கினேன். லேத் மெஷின் செய்தவர் துருவப் பனியில் காணாமல் போனார். இன்னொருவர் தன் வெடிமருந்தாலேயே செத்தார். இரண்டு ராஜாக்களை ஒரே போரில் கொன்றேன். தமிழ் டீச்சர் ஒரு ராணியின் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். அறிவியல் சார் வகுப்பில், “இன்னைக்குப் பிரேயர்ல சொன்னாங்களே, அவரைப் பத்தி நான் காலேஜ்லயே படிச்சிருக்கேன்” என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, பயம்தான் வந்தது. பெரியவர்களுக்கும் ஒன்றும் தெரியாதோ என்ற பயம்.

இனி, நாம் ‘கேட்டு அக்கா’ என்று கூப்பிட்டவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூட கேட்டுக்கு வெளியே, இடதுபக்கம், படுதாவைக் கொம்பில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாளே. நெல்லிக்காய், மாங்காய்ப் பத்தை, மழைக்காலமானால் மூன்று செங்கல் அடுப்பில் வேர்க்கடலை. அந்தக் கடலை வேகும் வாசனை மூன்றாம் பாடவேளையில் வகுப்புக்குள் வரும். அப்புறம் யார் பாடம் கேட்டது? அப்போது அவளுக்கு முப்பது வயதுகூட இருந்திருக்காது. நமக்கு அவள் பெரிய மனுஷியாகத் தெரிந்தாள். பழைய ஊர்க்காரி. வியாபாரம் இல்லாத நேரங்களில் நம் கட்டிடத்தின் மாடியையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒரு நாள் பள்ளி விட்டும் மழை விடவில்லை. நான் அவள் படுதாவுக்குள் ஒதுங்கினேன்.

“இன்னா கண்ணு, ஊட்டுக்குப் போவலயா?”

“மழை விடட்டும் அக்கா.”

ஒரு கைப்பிடிக் கடலையை என் மடியில் போட்டாள். சூடு பாவாடையைத் தாண்டித் தொடையில் பட்டது. நான் கேட்டேன், “ஏங்க்கா எப்பப் பார்த்தாலும் மாடியவே பார்க்கிறீங்க?”

“எங்க ஊட்டுக்காரரு கட்ன மாடி அது. கொத்தனாரு. பாதி கட்டசொல்லோ உயுந்துட்டாரு.” கையை நீட்டிக் காட்டினாள். “தோ, அந்த மூணாவது ஜன்னலு கீது பாரு, அங்கேருந்து. மொத நாளு ராவெல்லாம் மய. சாரக் கம்பு ஈரம். கால வெச்சதும் வயுக்கிட்ச்சு.”

“எப்போ அக்கா?”

“இதே மாரி மய மாசந்தான்.”

“அவர் பேரு என்ன?”

“ஐயே, பேரச் சொல்லுவாங்களா யாராச்சும்?” என்று வெட்கப்பட்டுச் சிரித்தாள். பிறகு இடது கை ரவிக்கையைக் கொஞ்சம் மேலே தள்ளிக் காட்டினாள். முழங்கைக்கு மேல் பச்சை குத்தியிருந்தது. “இத்தப் படிச்சிக்கோ. எனக்குப் படிக்கத் தெரியாது. பேரு இதுதான்னு அவருதான் சொல்லி குத்த வெச்சாரு.”

மனசுக்குள் படித்துக்கொண்டேன். ஐந்து எழுத்து. மழை கொஞ்சம் அடங்கியதும் ஓடிவிட்டேன்.

அடுத்த வாரம் ஒரு காலை. என் மெஷின் பட்டியல் தீர்ந்துவிட்டது. ராத்திரி ஜுரம் வேறு. மேடையில் ஏறும்வரை ஒன்றும் தோன்றவில்லை. மைக்கின் முன்னால் நின்றதும் எதிரே பள்ளியின் கேட்டு தெரிந்தது. கேட்டுக்கு அப்பால் அடுப்புப் புகை. டீச்சர் எழுதும் நடையிலேயே சொன்னேன்: “இன்று, நம் பள்ளியின் மாடியைக் கட்டிய கொத்தனார்” என்று சொல்லி, அந்த ஐந்து எழுத்துப் பெயரையும் சொல்லி, “சாரத்திலிருந்து விழுந்து மறைந்த நாள்.”

நீங்கள் எல்லாரும் தலைகுனிந்து நின்றீர்கள். நான் மட்டும் கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் எழுந்து நின்றாள். கையில் கடலை அளக்கும் ஆழாக்கு. கேட்டுக் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஸ்பீக்கர் இருந்த புங்கமரத்தை அண்ணாந்து பார்த்தாள். அந்தப் பெயரை வாய்விட்டு யாராவது சொல்லி அவள் கேட்டு எத்தனை வருடமோ. அவள் சொல்ல மாட்டாள். அவர் போனபிறகு சொல்வதற்கு வேறு ஆளும் இல்லை.

அந்த ஒரு நிமிடம் அவளும் நம்மைப் போலவே அசையாமல் நின்றாள். வாட்ச்மேன் தட்ட மறந்துவிட்டார். நிமிடம் நீண்டுகொண்டே போனது. தலைமையாசிரியை திரும்பி முறைத்தபிறகுதான் டங்கென்று சத்தம் வந்தது. அவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

முதல் பாடவேளையிலேயே என்னைத் தலைமையாசிரியை அறைக்குக் கூப்பிட்டார்கள்.

“யாரு உனக்கு இதை எழுதிக் குடுத்தது?”

“டீச்சர் நோட்டுல இருக்கு மேடம்.”

“நோட்டு எங்கே?”

“வீட்டுல இருக்கு மேடம்.”

அவர் குமாஸ்தாவைக் கூப்பிட்டுப் பழைய ரிஜிஸ்டர்களைப் பார்க்கச் சொன்னார். மாடி கட்டியபோது அப்படி யாரும் விழுந்ததாக ஒரு வரியும் இல்லை. மறுபடி என்னைப் பார்த்தார். “வெளியே கடலை விக்கிற அந்தம்மா உன்கிட்ட ஏதாவது பேசினாளா?”

“ஆமாம் மேடம்.”

அந்த அறையில் நான் மறைக்காமல் சொன்னது அது ஒன்றுதான். அவளுக்குக் கெடுதலாய் முடிந்ததும் அதுதான். பிள்ளைகளை வைத்து இவள் ஏதோ கிளப்பப் பார்க்கிறாள், பள்ளிக்கூடத்தின் மேல் ஏதோ பழி வரப்போகிறது என்று அவர் முடிவு கட்டிவிட்டார். மத்தியானம் பார்த்தபோது கேட்டுக்கு வெளியே படுதா இல்லை. மூன்று செங்கல் மட்டும் இருந்தது. நடுவில் சாம்பல் மழைத்தண்ணீரில் கரைந்துகொண்டிருந்தது.

தலைமையாசிரியையை அப்போது ராட்சசி என்று நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. வந்து ஒரு வருடம் ஆகாத புது ஆள். மேலே இருந்தவர்கள் எல்லாம் ஆண்கள். தன் கட்டிடத்தில் ஒரு சாவு என்று பேச்சு கிளம்பினால் யார் தலை உருளும் என்று அவருக்குத் தெரியும். பயந்திருக்கிறார். நானும் பயந்துதான் பொய் சொன்னேன். இரண்டு பேர் பயத்துக்கும் நடுவில் ஒருத்தி தன் இடத்தை இழந்தாள்.

“கேட்டாண்ட குந்தக் கூடாதுன்ட்டாங்க,” என்றார் வாட்ச்மேன். “ஸ்டேஷனாண்ட போய் வித்துகினு கீது பாவம். அங்க இருக்கறவங்க இத்த அண்ட உட மாட்றாங்க.”

அந்த நாலு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. பிரேயரில் ‘இன்று’ நிறுத்தப்பட்டிருந்தது. உங்களுக்குக் கடலை இல்லையே என்ற வருத்தம். சனிக்கிழமை அரைநாள் பள்ளி முடிந்ததும், சேர்த்து வைத்திருந்த சில்லறையோடு பூந்தமல்லி பஸ்ஸில் ஏறினேன். தனியாகப் பஸ் ஏறியது அதுதான் முதல் தடவை. கண்டக்டர், “கூட யாரு வந்துகீறாங்க?” என்று கேட்டபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு அம்மாவைக் காட்டிவிட்டேன். போகிற வழியிலும் ஒரு பொய்.

வரலாற்று டீச்சர் வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. கூப்பிட்டேன். ஜன்னலில் அவர் முகம் வந்தது. முகமெல்லாம் கருந்தழும்பு. தலை வாரவில்லை.

“உள்ளே வராதே. அங்கேயே நில்லு. என்ன ஆச்சு? யாரோட வந்தே?”

தெருவில் நின்றுகொண்டு, ஜன்னலைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். விழுந்தது, நனைந்தது, தீவு ராணி, லேத் மெஷின் மாலுமி, எல்லாம். பையிலிருந்து நோட்டை எடுத்து ஜன்னல் திண்டில் வைத்தேன். காய்ந்து உப்பி அப்பளம் மாதிரி இருந்தது. அவர் அதை எடுத்துப் பார்த்தார். முதல் பக்கத்தைப் புரட்டினார். நடுவில் ஒரு பக்கம். கடைசியில் ஒரு பக்கம். அழப்போகிறாரோ என்று நினைத்தேன்.

“பச்சை மையில எழுதினது என் தப்பு,” என்றார். “அந்த மை நிக்காதுன்னு கடைக்காரரு அப்பவே சொன்னாரு.”

அவ்வளவுதான், தோழிகளே. பதினொரு வருடத்துக்கு அவர் என்னிடம் சொன்ன கணக்கு அவ்வளவுதான். எனக்கு இப்போது அவருடைய அன்றைய வயதைப் போல இரண்டு மடங்கு வயதாகிறது. பேத்தி என் கண்ணாடியை உடைத்தால் எனக்கு வாயில் நல்ல வார்த்தை வருவதில்லை.

யானை மேலிருந்து விழுந்த ராணியைத் திரும்பச் சொல்லச் சொன்னார். சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினார். சிரித்தாரோ என்னவோ. பிறகு கொத்தனார் கதையைச் சொன்னேன். அவர் முகம் மாறியது.

“அது நிஜமா?”

“நிஜம் டீச்சர். அக்கா கையில பேரு இருக்கு.”

“தேதி?”

“தெரியாது டீச்சர்.”

“தேதி தெரியாமலா படிச்சே?” அப்போதுதான் அவருக்குக் கோபம் வந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினார். “ராணியைப் பத்திப் பொய் சொன்னே. அவ இல்லவே இல்ல, போகட்டும். இவர் இருந்தவரு. செத்துப் போனவரு. அவரு சாவுக்கு ஏதோ ஒரு தேதியை வாய்க்கு வந்தபடி போடுவியா நீ?”

அங்கேயே நின்று அழுதேன். அவர் உள்ளே போய் யாரையோ கூப்பிட்டு என்னை ஆவடி பஸ்ஸில் ஏற்றிவிடச் சொன்னார்.

பத்து நாளில் மூன்று தண்ணீரும் ஊற்றிக்கொண்டு டீச்சர் வந்துவிட்டார். வந்த அன்று சாயங்காலமே என்னைக் கூட்டிக்கொண்டு ஏரிக்கரை வழியாகப் பழைய ஊருக்கு நடந்தார். கேட்டு அக்காவின் வீடு கரைக்குக் கீழே, ஓலை வீடு. வாசலில் எட்டு வயது மகள் உட்கார்ந்து கடலையில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் அக்கா பதறிக்கொண்டு எழுந்தாள்.

“நான் ஒண்ணும் சொல்லிக் குடுக்கலமா. சத்தியமா. கொயந்த தானா சொல்லிட்ச்சு. அத்த அடிக்காதீங்க.”

இடத்தைப் பறிகொடுத்தவள் அவள். என்னை அடிக்க வேண்டாம் என்கிறாள்.

“நான் சண்டைக்கு வரலைங்க,” என்றார் டீச்சர். “தேதி கேக்க வந்தேன்.”

“தேதியா? தேதி இன்னா தெரியும் எனக்கு?” அக்கா யோசித்தாள். “தீவாளி கயிச்சி மூணாம் நாளு. செவ்வாக்கெயம. அன்னிக்குத்தான் ஏரி கோடி போச்சு, ஊரே பாக்கப் போய்ட்ச்சு. இவ வயித்துல ஏயு மாசம்.”

டீச்சர் ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டார். இந்த முறை கறுப்பு மை. மகள் எந்த மாதம் பிறந்தாள் என்று கேட்டார். அங்கிருந்து நேராகக் கோயிலுக்குப் போய், குருக்கள் வீட்டுப் பரணில் கிடந்த பழைய பஞ்சாங்கங்களை இறக்கச் சொன்னார். செல்லரித்த அந்தக் குவியலில், மகளின் வயதுக்குப் பொருந்திய வருடத்தில், தீபாவளிக்குப் பின் மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமையாகவே இருந்தது. டீச்சர் அந்த வரியின் மேல் விரலை வைத்தபடி என்னைப் பார்த்தார். நான் எல்லார் முன்னாலும் சொன்ன நாளுக்கும் அதற்கும் மூன்று வாரத்துக்கு மேல் வித்தியாசம்.

மறுநாள் காலை வாட்ச்மேனிடம் கேட்டார்: “இந்த மாடி கட்டும்போது நீங்க இங்க இருந்தீங்களா?”

“இருந்தேம்மா.”

“கொத்தனார் ஒருத்தர் விழுந்தாரா?”

வாட்ச்மேன் தொப்பியைக் கழற்றினார். “நான்தாம்மா தூக்கிகினு ரோட்டுக்கு ஓடினேன். கையிலியே உசுரு பூட்ச்சு.”

“இத்தனை வருஷமா ஏன் சொல்லல?”

“யாரும் கேக்கலமா.”

டீச்சர் அவரையும் அழைத்துக்கொண்டு தலைமையாசிரியையின் அறைக்குப் போனார். என்னை வெளியே நிற்கச் சொல்லியிருந்தார். குரல்கள் கேட்டன. தலைமையாசிரியை முதலில் சத்தமாகப் பேசினார், பிறகு மெதுவாக. அன்று மத்தியானம் அவரே குடையைப் பிடித்துக்கொண்டு கேட்டைத் தாண்டி ஏரிக்கரைப் பக்கம் நடந்து போனதை நம்மில் பாதிப் பேர் ஜன்னலில் நின்று பார்த்தோம். அங்கே என்ன பேசினார் என்று தெரியாது. மறுநாள் படுதா வந்துவிட்டது. மழையில் நனைய வேண்டாம், உள்ளே சைக்கிள் ஷெட்டில் உட்காரலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அக்கா மாட்டேன் என்றுவிட்டாள். ஷெட்டிலிருந்து பார்த்தால் மாடி தெரியாது.

எனக்கான தண்டனையை டீச்சர் தீர்மானித்தார். தினம் ஒன்றாக, நான் சொன்ன பொய்களையெல்லாம் அதே மேடையில் நின்று நானே திருப்பி எடுக்க வேண்டும். “யானையிலிருந்து விழுந்து மறைந்ததாக நான் சொன்ன அரசி இருந்ததே இல்லை. அதை நான் கற்பனையாகச் சொன்னேன். மன்னிக்கவும்.” முதல் நாள் நீங்கள் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. மூன்றாம் நாள் அறிவியல் சார் தலையைக் குனிந்துகொண்டார். ஐந்தாம் நாள் எனக்கே பழகிவிட்டது. ஒவ்வொரு பொய்யையும் இறக்கி வைக்க வைக்க உடம்பு லேசானது. அடி வாங்கியிருந்தால் ஒரு நாளில் முடிந்திருக்கும், இந்த லேசு கிடைத்திருக்காது. பின்னால் எனக்கு வாழ்க்கையில் மன்னிப்புக் கேட்க வேண்டிய இடங்கள் சில வந்தன. புருஷனிடம், தம்பியிடம், ஒரு முறை பெற்ற மகளிடமே. நின்று கேட்க முடிந்தது. அதற்கு அந்த மேடைதான் காரணம் என்று நினைக்கிறேன்.

பொய்கள் தீர்ந்து, நடுவில் தீபாவளி லீவும் முடிந்து, அந்தத் தேதி வந்தது. எழுதியதை டீச்சர் என் கையில் கொடுத்தார். அவர் எழுதியது கொஞ்சம்தான். கொத்தனாரின் பெயர், ஊர், அவர் செய்த வேலை, விழுந்த வருடம், தேதி, கிழமை. அன்று ஏரி நிரம்பி வழிந்தது என்ற ஒரு வரி. கடைசியில், ‘முன்பு இதே மேடையில் தவறான தேதி சொல்லப்பட்டது. இதுவே சரியானது.’

அக்காவும் மகளும் கேட்டுக்கு உள்ளே, கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றார்கள். அக்கா நல்ல புடவை கட்டியிருந்தாள். மகளுக்குத் தலை இழுத்து வாரி ரிப்பன் வைத்திருந்தாள். நான் பெயரைப் படித்தேன். ஸ்பீக்கர் அன்று கீச்சிடவில்லை. அறுநூறு பேர் நின்றோம். மகள் மட்டும், அப்பாவின் பெயரை மெல்ல உதடு அசைத்துச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாட்ச்மேன் கடிகாரத்தைப் பார்க்காமல் மாடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். இந்த முறை தலைமையாசிரியை அவரை முறைக்கவில்லை. எவ்வளவு நேரம் நின்றோமோ தெரியாது.

பிரேயர் கலைந்ததும் அக்கா என்னிடம் வந்தாள். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் என் கன்னத்தைத் தடவி நெற்றியில் சொடுக்கினாள். “அன்னிக்கு சாவுக்கு எட்டு பேருகூட வரல கண்ணு. எல்லாம் ஏரி பாக்கப் பூட்டாங்க. நீ எம்மாம் பேர ரெண்டு தபா நிக்க வெச்சிட்டே!”

டீச்சர் என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு அக்காவிடம், “மேல வந்து பாக்கிறீங்களா?” என்றார்.

அப்போதுதான் எங்களுக்கே உறைத்தது. எட்டு வருடமாகக் கீழே உட்கார்ந்து பார்த்தவள், ஒரு முறைகூட அந்த மாடிக்கு ஏறியதில்லை. யாரும் கூப்பிட்டதில்லை. அவளும் கேட்டதில்லை. படியில் ஏறும்போது சுவரை ஒரு கையால் தொட்டுக்கொண்டே வந்தாள். மூன்றாவது ஜன்னல் ஏழாம் வகுப்பில் இருந்தது. பிள்ளைகள் எழுந்து வழிவிட்டார்கள். அவள் ஜன்னலுக்குக் கீழே பூச்சின் மேல் உள்ளங்கையை வைத்து, மேலும் கீழுமாகத் தடவிப் பார்த்தாள். பக்கத்துச் சுவரையும் தடவினாள்.

“இங்க வரைக்கும் அவரு கை,” என்றாள் மகளிடம். “அதுக்கப்பால வேற ஆளு. பாரு, மேடும் பள்ளமுமா கீது.”

மகள் தொட்டுப் பார்த்தாள். டீச்சர் தொட்டுப் பார்த்தார். நானும் தொட்டேன். அவள் சொன்னது சரிதான். அவர் பூசிய இடம் பலகை மாதிரி வழவழவென்று இருந்தது.

அக்கா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள். ஏரி தெரிந்தது, குவார்ட்டர்ஸ் தெரிந்தது, அம்பத்தூர் பக்கம் புகைபோக்கிகள் தெரிந்தன. கீழே பார்த்தவள் சட்டென்று சிரித்துவிட்டாள்.

“ஐயே, என் கடை இம்மாம் துண்டாவா கீது!”

அதற்குள் தண்டவாளம் டங்டங்கென்று அடித்தது. “அடுப்புல கடல வெச்சிட்டு வந்துட்டேன்டி, தீஞ்சிடப் போவுது,” என்று மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் படியில் இறங்கி ஓடினாள். அவள் கொலுசுச் சத்தம் கீழ்ப்படி வரைக்கும் கேட்டது.